வரி கொடுத்த ரசிகன்

என் மருமகன் ஒருவன் பெங்களூரில் வேலையாக இருக்கிறான். மருமகன் என்றால் என் மகளைக் கட்டியவன் அல்ல. என் அக்காள் மகன். நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் சொத்தே மாமனிடமிருந்து மருமகனுக்கு இறங்கியது. கவிமணி அதைக் கேலி செய்து ஒரு மான்மியமே பாடி வைத்திருக்கிறார். இப்போது இறங்குவதற்குச் சொத்து இல்லை. அபிப்பிராயங்கள்தான் கைமாறுகின்றன, அவையும் மருமகனிடமிருந்து மாமனுக்கு.

சென்ற ஆடி மாதம் அம்மன் கொடைக்கு ஊருக்கு வந்திருந்தான். வந்த அன்றைக்கே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டான்.

“மாமா, இதைக் கம்பெனிக்காரன் எடுக்கல்லை. ஜனங்க காசு போட்டு எடுத்ததாக்கும். நீங்க பாத்துட்டுச் சொல்லணும்.”

அவன் காட்டியவை இரண்டு. ஒன்று, பவன் குமார் என்ற இளைஞர் எடுத்து 2013ல் வெளிவந்த ‘லூசியா’ என்ற கன்னடப் படம். மற்றது ‘பயனீர் ஒன்’ என்ற அமெரிக்கத் தொடர்; 2010ல் ஆரம்பித்து 2011 டிசம்பரில் ஆறாவது பாகத்தோடு நின்றுபோனது. இரண்டும் ஒருவகையில் விஞ்ஞானக் கதைகள். இரண்டுக்கும் முதலாளி கிடையாது. கதையைச் சொல்லி, இன்ன தொகை வேண்டும் என்று கேட்டு, முன்பின் தெரியாத மனிதர்களிடம் பணம் பிரித்து எடுத்தவை.

மருமகனின் உற்சாகத்தை நான் கொஞ்சம் வருணித்தாக வேண்டும். அவன் படத்தைப் பார்க்கவில்லை. படம் பார்க்கும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல இடம் வருவதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வான். நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடியும் போடுவான். தன் கையால் சமைத்ததைப் பரிமாறிவிட்டு எதிரே நின்று முகம் பார்க்கிறவர்களை நமக்குத் தெரியும். அந்த மாதிரி. இத்தனைக்கும் அந்த இரண்டுக்கும் அவன் ஒரு பைசா கொடுத்தவன் அல்ல.

அவன் பணம் கொடுத்தது மூன்றாவது ஒன்றுக்கு. சில பையன்கள் சேர்ந்து தமிழில் எடுக்க ஆரம்பித்திருக்கும் ஒரு விஞ்ஞானக் கதைத் தொடர். பெயர் இங்கே வேண்டாம். அதற்கு அவன் ஐயாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறான். ஒரு பாகம் வந்திருக்கிறது. அடுத்த பாகத்துக்குக் காசு சேரவில்லை. அதையும் காட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னான்: “நீங்க பத்திரிகையிலே நாலு வரி எழுதினா போதும், மாமா.”

இந்தக் கட்டுரை அந்த நாலு வரி அல்ல. அதை ஏன் எழுத முடியவில்லை என்பதைச் சொல்ல இவ்வளவு வரிகள் தேவைப்படுகின்றன.

பலரிடம் பணம் பிரித்து ஒரு கலைப் படைப்பைச் செய்வது புதிய விஷயம் என்று மருமகன் நினைக்கிறான். அது வாஸ்தவம் அல்ல. உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தபோது, 1887ல், சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டு வந்தார். அச்சுச் செலவுக்கு என்ன செய்தார்? கையொப்பம் வாங்கினார். புத்தகம் வருவதற்கு முன்னாலேயே, இத்தனை பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்று அன்பர்கள் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்தார்கள். இன்றைக்குக் கிக்ஸ்டார்ட்டர் என்கிறார்களே, அதன் தமிழ்ப்பெயர் கையொப்பம்தான். ஆங்கிலச் சொல்லுக்குப் பதில் தேடி அலைய வேண்டியதில்லை.

சினிமாவிலும் இது உண்டு. ஷியாம் பெனகல் 1976ல் எடுத்த ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். படம் வந்ததும் தங்கள் படத்தைப் பார்க்க அவர்கள் லாரி லாரியாகப் பட்டணத்துக்கு வந்தார்கள். நமக்கு அடுத்த வீடான கேரளத்தில் ஜான் ஆபிரகாம் ‘ஒடேஸா’ என்ற கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டிப் பணம் பிரித்து, 1986ல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். இவரேதான் 1977ல் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தவர்.

எங்கள் ஊரிலோ இது வருஷா வருஷம் நடக்கிற காரியம். கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். அந்த வரியில்தான் பந்தல், மேளம், வில்லுப்பாட்டு எல்லாம். வரி கொடுத்தவன் ராத்திரி முழுவதும் விழித்திருந்து கேட்பான். ஆனால் அவன் கேட்கிற லட்சணத்தைக் கவனிக்க வேண்டும். கதையில் ஒரு கண்ணியைப் பாடுகிறவர் விழுங்கிவிட்டால், முன்வரிசைக் கிழவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டுவிடுவார். ‘நம்ம வரியிலே வந்த பாட்டு, அதனாலே நல்ல பாட்டு’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மறுவருஷம் அந்தக் குழுவைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது அந்தக் கிழவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இதை மனசில் வைத்துக்கொண்டு படங்களுக்கு வருகிறேன்.

‘லூசியா’வின் கதை இது. பெங்களூரில் ஒரு பழைய தியேட்டர். கடனில் மூழ்கிக் கொண்டிருக்கிறது. அதில் டார்ச்சு அடித்து ஆட்களை உட்கார வைக்கிற வேலை நிக்கிக்கு. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. ஒரு மாத்திரை கிடைக்கிறது. லூசியா என்று பெயர். அதைப் போட்டுக்கொண்டால் தூக்கம் வருவது மட்டுமல்ல, ஆசைப்பட்ட வாழ்க்கை கனவாக வரும், நாளுக்கு நாள் தொடர்ந்து வரும். கனவில் அவன் பெரிய சினிமா நட்சத்திரம். டார்ச்சுக்காரனின் வாழ்வு வண்ணத்திலும், நட்சத்திரத்தின் வாழ்வு கறுப்பு வெள்ளையிலும் காட்டப்படுகின்றன. கடைசியில் எது விழிப்பு, எது கனவு என்பது தலைகீழாகிறது.

படத்துக்குப் பணம் போட்டவர்கள் நூற்றுப்பத்துப் பேர். சேர்ந்தது சுமார் ஐம்பது லட்சம். சேர ஒரு மாதம்கூட ஆகவில்லை. தயாரிப்பாளர்களைத் தேடி அலைந்து சலித்த டைரக்டர் தம் மனக்குறையை இணையத்தில் எழுதப் போக, அதைப் படித்தவர்கள் பணம் தர முன்வந்தார்கள் என்பது இதன் பூர்வ கதை. 2013ல் லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சிறந்த படம் இதுதான். 2015ல் தமிழில் ‘எனக்குள் ஒருவன்’ என்றும் வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது அந்த மாத்திரை. நம் சினிமாவில் விஞ்ஞானம் என்றால் உடனே கண்ணாடிக் கட்டடம், நீல விளக்கு, இரும்பு மனிதன் என்று கோடிக்கணக்கில் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இங்கே விஞ்ஞானம் மொத்தமும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மாத்திரை. அதை விழுங்கியபின் காமிரா மனித மனத்துக்குள் போகிறது. அதற்குச் செலவில்லை. ஆசைப்பட்டது கிடைத்தவன் எதற்கு ஆசைப்படுவான் என்ற கேள்வியை இந்தப் படம் உண்மையாகவே கேட்கிறது. புகழ் இருக்கும் இடத்தில் வண்ணத்தை எடுத்துவிட்டு, பீட்சாக் கடையில் வேலை பார்க்கிற பெண்ணுக்காகக் காத்து நிற்கிற சந்தில் வண்ணத்தை வைத்தது ஒரு எழுத்தாளன் பொறாமைப்பட வேண்டிய யோசனை. விளக்கம் இல்லாமலே அது கடைசி முடிச்சைச் சொல்லிவிடுகிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

குறைகளும் உண்டு. துப்பறிகிறவர்கள் வந்து விசாரிக்கும் பகுதி, கதைக்கு வெளியே கட்டிய சாரம் மாதிரி நிற்கிறது. வீடு எழும்பியபிறகும் சாரத்தைப் பிரிக்கவில்லை. கடைசியில் எல்லாம் புரியவைக்கப்படுகிறது; நம்முடைய புத்தியில் அந்த அளவுக்குச் சந்தேகப்பட்டிருக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெண். இரண்டு உலகத்திலும் அவள் இருக்கிறாள். ஆனால் இரண்டிலும் அவனுக்காகவே இருக்கிறாள். அவள் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால் எந்தக் கனவைக் காண்பாள் என்று படம் ஒரு தரமாவது யோசித்திருந்தால் இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

‘பயனீர் ஒன்’ வேறு ஜாதி. ஜோஷ் பெர்ன்ஹார்ட் எழுத, பிரேசி ஸ்மித் டைரக்ட் செய்தது. முதல் பாகம் ஆறாயிரம் டாலரில் எடுக்கப்பட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சிக் கணக்கில் இது ஒரு நாள் டீச்செலவு. எடுத்ததை இணையத்தில் இலவசமாக விட்டார்கள்; பார்த்தவர்கள் விரும்பியதைக் கொடுக்க, அதில் அடுத்த பாகம். அதனால் முதல் பாகத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே மாதங்கள் ஓடின. 2010ல் நியூயார்க் தொலைக்காட்சி விழாவில் சிறந்த நாடகத் தொடர் முன்னோட்டம் என்ற பரிசையும் பெற்றது.

வானத்திலிருந்து மொன்டானா பக்கம் ஏதோ விழுகிறது. கதிர்வீச்சு பரவுகிறது. பயங்கரவாதிகளின் வேலையோ என்று அதிகாரிகள் ஓடுகிறார்கள். கிடைப்பது ஒரு பழைய சோவியத் கலம்; அதற்குள் நோயாளியான ஒரு இளைஞன். செவ்வாய்க்கு ரகசியமாக அனுப்பப்பட்ட சோவியத் விண்வெளி வீரர்களுக்கு அங்கேயே பிறந்தவன் அவன் என்பது செய்தி. நம்புவதா, வேண்டாமா?

ஆறு பாகத்திலும் செவ்வாயைக் காட்டவே இல்லை. காட்டப் பணமும் இல்லை. ஒரு அறை, ஒரு மேஜை, சில அதிகாரிகள், ஒரு நோயாளி. ஆனால் அவன் ஜன்னல் வழியே வெளியே பார்க்கும்போது, நமக்கு மிகச் சாதாரணமான ஒரு மரம் அதிசயமாகிவிடுகிறது. செவ்வாய் நம்முடைய மனசில் உண்டாகிறது. ராஜாவும் இல்லாமல், காடும் இல்லாமல், ஒரு வில்லையும் குடத்தையும் வைத்துக்கொண்டு ராஜ்யத்தையே எழுப்பிக் காட்டுகிற கலை நமக்கு அந்நியமா என்ன?

அதே சமயத்தில், நடிப்பு பல இடங்களில் கற்றுக்குட்டித்தனமாக இருப்பதையும், பேச்சு ஆபீஸ் கோப்பை உரக்கப் படிப்பதுபோல் இருப்பதையும் சொல்லாமல் தீராது. முக்கியமான குறை, அது முடியவில்லை. ஆறாவது பாகத்தில் ஒரு கதவு திறக்கிறது. அதற்கப்பால் போகப் பிறகு யாரும் பணம் சேர்க்கவில்லை, சேரவில்லை.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது.

“கையிலே காசில்லாம எடுத்தவனாக்கும், மாமா. அதையும் யோசிக்கண்டாமா?”

இதுதான் கேள்வி. இரண்டு நாளைக்கு அதை நான் யோசித்துக் கொண்டிருந்தேன். காசில்லாமல் எடுத்தது மனிதனின் பெருமை. அது படத்தின் குணம் ஆகாது. திரையில் வரவு செலவுக் கணக்கு தெரிவதில்லை. முப்பது வருஷம் கழித்து ‘லூசியா’வைப் பார்க்கிற ஒருவனுக்கு நூற்றுப்பத்துப் பேரைத் தெரிந்திருக்காது. அவனுக்கு அந்தக் கறுப்பு வெள்ளையும் வண்ணமும்தான் கிடைக்கும். சிந்தாமணியைக் கையில் எடுக்கிற நாம் கையொப்பக்காரர்களையா படிக்கிறோம்? பாடம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். ஐயர் அந்தப் பணத்துக்குக் காட்டிய மரியாதை, பாடத்தைச் சரிபார்த்ததுதான்.

என் பழைய பாவம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தம் நாவலை அச்சிட எங்களிடம் முன்பணம் பிரித்தார். நானும் கொடுத்தேன். நாவல் வந்தது, சுமார்தான். நான் எழுதிய மதிப்புரையில் அதைத் தமிழின் முக்கியமான நாவல் என்று எழுதினேன். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. என் பணமும் அதில் கிடந்ததால், அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் கண்ணே எனக்குச் சொல்லிவிட்டது. நண்பர் அதை நம்பினார். அடுத்த நாவலையும் அதே மாதிரி எழுதினார். மூன்றாவது எழுதவில்லை. ஒருவேளை அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்றாவது நாவல் ஒன்று இருந்திருக்கும். இன்றைக்கும் அவரைத் தெருவில் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

ஆனால் மருமகன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இல்லை என்று நான் சொன்னால் இந்த ஜில்லாவின் மண்ணே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே. சி. டேனியல் இந்தப் பக்கத்து மனிதர். மௌனப்பட காலத்தில் சொத்தை விற்றுப் படம் எடுத்தார். கதாநாயகியாக நடித்த பி. கே. ரோஸி தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண். அவர் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று திருவனந்தபுரத்தில் கூட்டத்தார் கலவரம் செய்தார்கள். ரோஸி ஊரைவிட்டே போக நேர்ந்தது. டேனியல் இரண்டாவது படம் எடுக்கவில்லை. பல் வைத்தியராக வாழ்ந்து, 1975ல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். அவர் பெயரில் கேரள அரசு பரிசு கொடுக்க ஆரம்பித்தது 1992ல்.

அந்த மனிதருக்கு அன்றைக்கு என் மருமகன் மாதிரி நூற்றுப்பத்துப் பேர் இருந்திருந்தால்? நினைத்துப் பார்க்கிறபோது, விமர்சகனின் கறாரைவிட ரசிகனின் ஐயாயிரம் ரூபாய் பெரிது என்று தோன்றத்தான் செய்கிறது. விமர்சிப்பதற்கு முதலில் ஒரு படைப்பு இருக்க வேண்டுமே.

ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்குக் கலவரம் செய்தவர்களும் ஜனங்கள்தான். அவர்களிடமே பணம் பிரித்துப் படம் எடுப்பதென்றால், ரோஸியை நடிக்க விட்டிருப்பார்களா? முதலாளி ஒருவனின் விருப்பத்திலிருந்து தப்பித்து, ஆயிரம் பேரின் விருப்பத்துக்குக் கலைஞன் அடிமையாகிவிடக் கூடாது. தன் பணத்துக்குத் தன் ஆசையைப் படமாகக் கேட்கிற ரசிகன், ஒரு முதலாளியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜான் ஆபிரகாம் இதைத் தெரிந்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். கிராமத்து ஜனங்களின் காசை வாங்கிக்கொண்டு, அவர்களைக் குஷிப்படுத்துகிற படத்தை அவர் எடுக்கவில்லை. இறந்துபோன ஒரு இளைஞனின் செய்தியை அவன் தாயிடம் சொல்லப் போகிறவர்களின் நீண்ட, கடினமான யாத்திரையை எடுத்தார். கொடுத்தவர்களும் கேட்டதைக் கொடு என்று சட்டையைப் பிடிக்கவில்லை. இரு தரப்புக்கும் அதில் கௌரவம் இருந்தது.

மருமகன் காட்டிய அந்தத் தமிழ்த் தொடரைப் பற்றி இனிச் சொல்லலாம். முதல் பாகம் நன்றாக இல்லை. எதிர்காலத்துச் சென்னை என்று சொல்லி, கம்ப்யூட்டரில் வரைந்த கட்டடங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓடுகிறார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்பது அடுத்த பாகத்தில் தெரியுமாம். நாற்பது வருஷத்துக்கு முன் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் 2021ஐக் கற்பனை செய்தார். குழந்தை பெற்றுக்கொள்வதற்கு சர்க்கார் அனுமதி வேண்டும் என்ற ஒரு சின்ன விஷயத்திலிருந்து அந்த உலகத்தை எழுப்பினார். அந்த 2021 வந்து போயும்விட்டது. அவர் சொன்னபடி நடக்கவில்லை. அப்படியிருந்தும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி உயிரோடு இருக்கிறது. இந்தப் பையன்களின் எதிர்காலத்தில் அப்படி ஒரு நாய்க்குட்டி இல்லை. கட்டடம் வரையச் செலவழித்த பணத்தில், ஒரு அறையில் இரண்டு பேரை உட்கார வைத்துப் பேச விட்டிருக்கலாம்.

ஆனால் ஒரு இடம் இருக்கிறது. ஓடுகிறவர்களில் ஒருத்தி, இடிந்துகிடக்கும் ஒரு வீட்டு வாசலில் நின்று, இல்லாத கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறாள். அரை நிமிஷம்கூட இல்லை. இதை எழுதியவனுக்கு எழுத வரும் என்று அந்த இடத்தில் எனக்குப் பட்டது.

கொடை முடிந்து மருமகன் புறப்படுகிற அன்று இதைத்தான் அவனிடம் சொன்னேன்: குறைகளை ஒன்று விடாமல் சொன்னேன், கதவு தட்டுகிற இடத்தையும் சொன்னேன். இதை அப்படியே அந்தப் பையன்களுக்கு எழுதி அனுப்பச் சொன்னேன். பத்திரிகையில் பாராட்டி எழுத மாட்டேன் என்றும் சொன்னேன். பிறகு உள்ளே போய் ஆயிரம் ரூபாய் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் குழம்பிப் போய்விட்டான். “நல்லால்லைன்னு சொல்லுதீங்க. பெறவு காசு எதுக்கு, மாமா?”

“அது வரி, மக்கா. ரெண்டாம் பாகம் வரட்டும். நான் முன்வரிசையிலே இருந்து பாக்கணும்லா.”

பணத்தை எண்ணிப் பார்க்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வடசேரி பஸ் நிலையம் போகிற வரைக்கும் பேசவில்லை. பஸ் ஏறியபிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அந்தக் கதவு தட்டுற இடம் எனக்கும் ரொம்பப் பிடிச்சுது மாமா, ஆனா சொல்லத் தெரியல்லை” என்றான். பஸ் புறப்பட்டுவிட்டது.